ஆலோசகர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால்?

தவிட்டுக்குருவி

ஒரு வருடத்துக்கும் மேலாக ஓர் உளவியலாளரிடம் சென்றுவருகிறேன். பீதித் தாக்குதல்தான் காரணம். லிப்டில் ஏற முடியாது, கூட்டத்தில் நிற்க முடியாது, நள்ளிரவில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இன்று இவை பெரும்பாலும் இல்லை. இதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவதைப் படித்துவிட்டு யாரும் அவரைத் திட்டவேண்டாம்.

சில மாதங்களாக அமர்வின் போக்கு மாறியிருக்கிறது. அவருக்கு விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. முதலில் ஒரே ஒரு வாக்கியமாகத்தான் வந்தது: "எனக்கும் இப்போது தூக்கம் இல்லை, உங்கள் நிலை புரிகிறது." பிறகு வக்கீல் சொன்னது, மனைவி சொன்னது, பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள் என்று நீண்டுகொண்டே போனது. கடந்த அமர்வில் நான் பேசியதைவிட அவர் பேசியதே அதிகம். நேரம் முடிந்த பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னார். நான் இணையதளங்கள் வடிவமைப்பவன். அவருடைய ஆலோசனை மையத்துக்கு ஒரு தளம் செய்துகொடுத்தால் அடுத்த சில மாதங்களுக்குக் கட்டணம் வேண்டாமாம். அன்றிரவே முகநூலில் நட்பு அழைப்பும் வந்தது.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னை இவ்வளவு நம்புகிறாரே என்று. ஆனால் இந்த வாரம் என் தந்தையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல நினைத்திருந்தேன். பாவம், அவருக்கே ஆயிரம் கவலை என்று சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் உறுத்துகிறது. இது தவறா, இல்லை நான் பெரிதுபடுத்துகிறேனா?

கணக்கன்

பெரிதுபடுத்துகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கல்லைப்போல் உட்கார்ந்து "ம்... அப்புறம்?" என்று மட்டும் கேட்கும் ஆலோசகர்களைப் பற்றி இதே இணைய மன்றத்தில் எத்தனை புலம்பல்கள் வந்திருக்கின்றன! ஒருவர் மனம்விட்டுப் பேசினால் அதுவும் குற்றமா? தளம் செய்துகொடுப்பது நேர்மையான பண்டமாற்று. உங்களுக்குப் பணம் மிச்சம், அவருக்கு வேலை முடிகிறது. இதில் யாருக்கு என்ன நட்டம்?

நடுப்பகல்

இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவள் நான். தவிட்டுக்குருவி, உங்கள் பதிவில் மிக முக்கியமான வரி கடைசியில் இருக்கிறது. "அவருக்கே ஆயிரம் கவலை என்று சொல்லாமல் வந்துவிட்டேன்." சட்டமும் விதியும் ஒருபுறம் இருக்கட்டும், நட்டம் ஏற்பட்டுவிட்டது. நீங்கள் நேரம் ஒதுக்கிச் சென்றது அந்த விஷயத்தைச் சொல்வதற்கு. அதைச் சொல்லவிடாமல் செய்தது அவருடைய துயரம்.

ஆலோசகர் தன்னைப் பற்றிப் பேசவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் "என் அம்மா இறந்தபோது எனக்கும் பல மாதங்கள் எதுவும் ஓடவில்லை" என்று ஒரு வரி சொல்வது பெரிய உதவியாக இருக்கும். சொல்லிவிட்டு உடனே பேச்சை எதிரில் இருப்பவரிடம் திருப்பிவிட வேண்டும். குத்தைல், கேபார்டு என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் இன்றும் பேசப்படுகிறது. எல்லையைத் தாண்டுவது வேறு, எல்லையை மீறுவது வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். தாண்டுவது வழக்கத்திலிருந்து சற்று விலகுவது. சிகிச்சைக்குத் தீங்கில்லை, சில சமயம் நன்மையும் உண்டு. மீறுவது வந்தவரைச் சுரண்டுவது, காயப்படுத்துவது. செயலை மட்டும் பார்த்து எது எந்தப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. வெளியே போகவே அஞ்சும் ஒருவரோடு ஆலோசகர் பஸ்ஸில் ஏறிப் பயணம் செய்தால் அது சிகிச்சை. தனக்குத் துணை வேண்டும் என்று அதே பஸ்ஸில் அவரை அழைத்துப்போனால் கதை வேறு.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி, இது யாருடைய தேவைக்காக நடக்கிறது என்பதுதான். உங்கள் ஆலோசகருக்கு உண்மையாகவே வலி இருக்கிறது. அதைக் கொண்டுபோக அவருக்கு இடங்கள் உண்டு: நண்பர்கள், அவருடைய தொழில் மேற்பார்வையாளர், தேவையானால் அவருக்கென்று ஓர் ஆலோசகர். உங்கள் அமர்வு அந்தப் பட்டியலில் இல்லை.

இனி இணையதளம். கணக்கன் சொல்வதுபோல் பண்டமாற்று எப்போதும் தடை செய்யப்பட்டதல்ல. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, சிகிச்சைக்குக் கேடு விளைவிக்காது, சுரண்டலும் ஆகாது என்றால் மட்டும் அதை அனுமதிக்கிறது. அந்த இரண்டு நிபந்தனைகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். தளம் அவருக்குப் பிடிக்கவில்லை, மூன்றாவது முறையாகத் திருத்தச் சொல்கிறார். உங்களுக்குக் கோபம் வருகிறது. அதை எங்கே போய்ச் சொல்வீர்கள்? அவரிடமேதானே! அடுத்த அமர்வில் நீங்கள் நோயாளியா, ஒப்பந்தக்காரரா? வேலையை எந்த அமர்வோடு முடித்துக்கொள்வது, உங்கள் உழைப்பின் மதிப்பு எவ்வளவு என்று பேரம் பேசும் துணிவு உங்களுக்கு இருக்குமா? யாரிடமும் "முடியாது" என்று சொல்ல வராத ஒருவர் இதே அறைக்கு வந்திருந்தால் அவர் கதி என்ன?

யாரும் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. தளத்தில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்று ஒரு படிவம் இருக்கும். அதில் புதிதாக வருபவர்கள் பெயர், தொலைபேசி எண், "எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது" என்பதுவரை எழுதுவார்கள். தளத்தைப் பராமரிப்பவர் என்ற முறையில் அவையெல்லாம் உங்கள் கண்ணில் படும். அந்த மனிதர்களின் இரகசியத்தை இன்னொரு நோயாளியின் கையில் கொடுக்க அவருக்கு என்ன உரிமை?

முகநூல் அழைப்பை ஏற்கவேண்டாம். அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறை, சிகிச்சையில் இருப்பவரோடு இணையத்தில் தனிப்பட்ட உறவு வைத்துக்கொள்வதை நேரடியாகவே தடை செய்கிறது. நீங்கள் எங்கே வாழ்ந்தாலும் காரணம் ஒன்றுதான். அவர் உங்கள் பதிவுகளைப் பார்ப்பார், நீங்கள் அவருடைய பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பீர்கள். அறையில் பேசப்படாத தகவல்கள் இருவர் தலையிலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கணக்கன்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆலோசகர் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் வாழவேண்டும் போலிருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் ஒரே ஓர் ஆலோசகர் இருந்தால்? அவருடைய பிள்ளையின் ஆசிரியையே அவரிடம் சிகிச்சைக்கு வந்தால்? துரத்திவிடுவாரா?

நடுப்பகல்

மாட்டார், துரத்தவும் கூடாது. இப்படிப்பட்ட இரட்டை உறவுகள் எல்லாமே நெறிமீறல் அல்ல என்று நான் சொன்ன அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே தெளிவாகச் சொல்கிறது. ஆலோசகரின் நிதானத்தைக் கெடுக்கும், அல்லது வந்தவருக்குத் தீங்காகும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய உறவைத்தான் தவிர்க்கச் சொல்கிறது. சிற்றூர் ஆலோசகர் முதல் நாளிலேயே பேசிவிட வேண்டும்: "வெளியே பார்த்தால் நானாக உங்களிடம் வந்து பேசமாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன். பள்ளியில் என் பிள்ளையைப் பற்றி நாம் சந்திக்க நேர்ந்தால் இந்த அறையில் பேசியது எதுவும் அங்கே வராது." அங்கே இரட்டை உறவு சூழ்நிலையால் வந்தது, வேறு வழியில்லை. தவிட்டுக்குருவியின் ஆலோசகருக்கோ ஊரில் வேறு வடிவமைப்பாளர் கிடைக்காமல் போகவில்லை.

பழையஏடு

இந்தத் துறை தன் எல்லைகளைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. வரலாறு பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிச் செல்லலாம்.

மருத்துவருக்கான கட்டுப்பாடு பழையது. நோயாளியின் வீட்டில் ஆண் பெண் யாரோடும் பாலுறவு கொள்ளமாட்டேன், அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது ஹிப்போகிராட்டிஸின் பெயரால் வழங்கும் பழங்கிரேக்க உறுதிமொழி. பேச்சின் வழியே மனத்தை ஆராயும் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு பிறந்தபோது இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்து என்ன பயன்? அதன் முன்னோடிகளில் ஒருவரான யுங் தன்னிடம் சிகிச்சைக்கு வந்த சபீனா ஸ்பீல்ரைனோடு நெருக்கமான உறவில் விழுந்தார். அந்தப் பெண் பின்னாளில் தானே உளப்பகுப்பாய்வாளரானார் என்பது தனிக்கதை. இன்னொரு முன்னோடியான ஃபெரென்சி இன்னும் ஒருபடி மேலே போனார். தன் காதலியின் மகளைச் சிகிச்சைக்கு ஏற்று, அந்த மகளையே காதலித்து, கடைசியில் அவளைப் பகுத்தாய்ந்து தருமாறு ஃபிராய்டிடம் அனுப்பிவைத்தார். ஃபிராய்டு மட்டும் சும்மா இருந்தாரா? 1918இல் தன் சொந்த மகள் ஆனாவையே பகுத்தாயத் தொடங்கினார். இன்று ஒரு பயிற்சி மாணவர் இப்படிச் செய்தால் அவரைப் பயிற்சியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்.

அதே ஃபிராய்டுதான் 1915இல் மருத்துவரிடம் நோயாளி கொள்ளும் காதலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காதலைத் தூண்டுவது சிகிச்சைச் சூழல். மருத்துவர் அதைத் தன் கவர்ச்சியின் வெற்றி என்று எண்ணி மகிழக்கூடாது என்பது அதன் சாரம். நாள்தோறும் ஒருவர் உங்களை முழுக் கவனத்தோடு கேட்கிறார், கண்டிப்பதில்லை, மறப்பதில்லை. யாருக்குத்தான் காதல் வராது?

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு எடுத்துக்காட்டு, ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் மனநல மருத்துவர் ரால்ஃப் கிரீன்சன். அவர் கெட்டவர் இல்லை. குடும்பமே இல்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு குடும்பத்தைக் காட்டலாம் என்று தன் வீட்டிலேயே அமர்வுகள் வைத்தார். மன்றோ அவருடைய மனைவியோடும் பிள்ளைகளோடும் பழகினார். மருத்துவர், தந்தை, நண்பர் எல்லாமே ஒருவராகிப்போனார். 1962இல் மன்றோ இறந்தார். அதற்கு இதுதான் காரணம் என்று சொல்வது அநியாயம், நான் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தச் சிகிச்சை முறையை அவருடைய சக மருத்துவர்களே பின்னர் கடுமையாக விமர்சித்தார்கள்.

கெட்ட எண்ணத்துக்கும் எடுத்துக்காட்டு வேண்டுமா? யூஜின் லேண்டி. அமெரிக்காவின் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனுக்கு உளவியலாளராக வந்தவர். இருபத்துநான்கு மணி நேரச் சிகிச்சை என்ற பெயரில் அவருடைய சாப்பாடு, நண்பர்கள், பணம் எல்லாவற்றையும் கட்டுக்குள் கொண்டுவந்தார். பிறகு தொழில் கூட்டாளியானார், பாடல்களில் இணை எழுத்தாளராகவும் பெயர் போட்டுக்கொண்டார். 1989இல் கலிபோர்னியாவில் உரிமம் போனது. 1992இல் வில்சனைத் தொடர்புகொள்ளக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, வில்சனின் உடல்நிலை தொடக்கத்தில் உண்மையாகவே தேறியது. தேறியதால்தான் யாரும் கேள்வி கேட்கவில்லை.

தவிட்டுக்குருவி

கடைசி வரி என்னைச் சற்றுப் பயமுறுத்துகிறது. அவரை லேண்டியோடு ஒப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பழையஏடு

கண்டிப்பாக இல்லை. நீங்கள் "அவரால்தான் தேறினேன், ஆகவே எப்படிக் கேட்பது" என்ற இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் சொன்னேன்.

பெயர்வேண்டாம்

நெடுநாளாகப் படித்துமட்டும் வந்த நான் இன்று எழுதுகிறேன். எனக்கும் எல்லாம் இப்படித்தான் தொடங்கியது: அவர் தன் கதையைச் சொன்னார், எனக்குக் கடைசி நேர அமர்வு கொடுத்தார். அடுத்து யாரும் காத்திருக்கமாட்டார்கள், நிதானமாகப் பேசலாம் என்றார். பிறகு ஒருநாள் "நீங்கள் குணமாகிவிட்டீர்கள், இனி சிகிச்சை தேவையில்லை" என்று முடித்துவைத்தார். அதற்கு அடுத்த வாரமே காதலைச் சொன்னார். சிகிச்சையை முடித்ததே அதற்காகத்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. உண்மையில் அப்போது எனக்குச் சிகிச்சை மிகவும் தேவைப்பட்டது.

வயதுவந்த இருவர்தானே, சம்மதம்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த உறவில் சண்டை வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? நான் எதற்குக் கோபப்பட்டாலும் "இது நீ இல்லை, உன் அப்பாமீது உனக்கிருக்கும் கோபம்" என்பார். நான் அழுதால் எந்த வயதுக் காயம் அது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பற்றி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்கு அவரைப் பற்றி அவர் சொல்ல விரும்பியது மட்டும். கணவன் மனைவி சண்டையில்கூட இருவர் கையிலும் ஏதாவது இருக்கும். என் கையில் ஒன்றுமே இல்லை.

அதைவிடக் கொடுமை பிரிந்த பிறகு. உதவி தேடி இன்னோர் ஆலோசகரிடம் போகவேண்டும். அந்தக் கதவைத் தட்டுவதற்கே கை நடுங்கியது.

நடுப்பகல்

எழுதியதற்கு நன்றி. உங்களைப் பற்றி வேறெதையும் இங்கே கேட்கப்போவதில்லை, யாரும் கேட்கவேண்டாம்.

பொதுவாக ஒன்று மட்டும். சிகிச்சையை முடித்துவிட்டு உறவைத் தொடங்கும் இந்தத் தந்திரத்தை நெறிமுறை எழுதியவர்கள் அறிவார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் சிகிச்சை முடிந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் வரை பாலுறவைத் தடை செய்கிறது. அதற்குப் பிறகும் மிக அபூர்வமான சூழ்நிலையில் மட்டுமே. சுரண்டல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உளவியலாளருடையது. சிகிச்சை நடக்கும்போதே "பின்னாளில் நாம்..." என்று கோடி காட்டியிருந்தால் அதுவே அவருக்கு எதிரான சான்று. அமெரிக்க ஆலோசகர் சங்கம் ஐந்து ஆண்டுகள் என்கிறது. அங்குள்ள மனநல மருத்துவர் சங்கமோ முன்னாள் நோயாளியோடும் ஒருபோதும் கூடாது என்கிறது.

என் கட்சி மூன்றாவது. இரண்டு ஆண்டுகள் கழித்து மறந்துபோவதற்கு இதென்ன தொலைபேசி எண்ணா? சிகிச்சை முடிந்தவர் நெருக்கடி வரும்போது திரும்பி வருவார், அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். காதலனாகிவிட்டவரிடம் அவர் எப்படித் திரும்பி வருவார்?

கணக்கன்

பெயர்வேண்டாம் சொன்னது கொடுமை, அதில் மறுபேச்சே இல்லை. அந்த ஆளின் உரிமத்தைப் பறிக்க வேண்டும். ஆனால் "ஒருபோதும் கூடாது" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புகைபிடிப்பதை நிறுத்த நான்கைந்து அமர்வுகள் போய்வந்த ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆலோசகரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போனால் அதுவும் சுரண்டலா? வயதுவந்தவரை ஆயுள் முழுக்க நோயாளியாகவே வைத்திருப்பது அவரை மதிப்பதாகுமா?

நடுப்பகல்

நியாயமான கேள்வி. அந்தப் புகைபிடித்தவரை நினைத்துத்தான் அமெரிக்க உளவியல் சங்கம் "மிக அபூர்வமான சூழ்நிலை" என்ற ஒரு சந்து வழியை விட்டுவைத்தது. எனக்கு இருக்கும் பயம், அந்தச் சந்தில் நுழைய வரிசையில் நிற்பவர்கள் எல்லோருமே தங்கள் காதல்தான் அந்த அபூர்வம் என்று உளமார நம்புவார்கள் என்பதே. அதில் உண்மையானவரைப் பிரித்தறிய ஒரு வழி சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.

கணக்கன்

வழி தெரியவில்லை. அதற்காக நல்லவரையும் சேர்த்துத் தண்டிப்பது சரி என்றும் சொல்லமாட்டேன்.

இரும்புப்பெட்டி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எல்லை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இரகசியம். நான் சொல்வதை அவர் போலீசிடம் சொல்லலாமா? என் வீட்டாரிடம்? செத்த பிறகு?

பழையஏடு

போலீசுக்கும் செத்த பிறகுக்கும் உண்மையில் நடந்த கதைகள் உண்டு. 1969இல் கலிபோர்னியாவில் ஒரு மாணவன் தன் உளவியலாளரிடம் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொன்னான். அவர் பல்கலைக்கழகக் காவலரிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறான் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை. அவன் கொன்றுவிட்டான். டாரசாஃப் வழக்கு என்று பெயர்பெற்ற அதில், ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல இடங்களின் சட்டங்கள் அதிலிருந்து கிளைத்தவை, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பொதுவாக உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான கொடுமை, நீதிமன்ற உத்தரவு இவற்றில்தான் இரகசியம் தளரும். வீட்டார் போன் செய்து "எங்கள் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்பது இதில் சேராது. வயதுவந்தவர் அங்கே சிகிச்சைக்கு வருகிறாரா என்பதைக்கூட உறுதிப்படுத்தக்கூடாது.

இறந்த பிறகு என்றால் அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன். அவருடைய மனநல மருத்துவர், சிகிச்சையின்போது பதிவுசெய்த ஒலிநாடாக்களை வாழ்க்கை வரலாறு எழுதியவரிடம் கொடுத்தார். மகள் அனுமதித்திருந்தார். 1991இல் புத்தகம் வந்தபோது துறையே இரண்டாகப் பிளந்து சண்டை போட்டது. கவிஞரே எதையும் மறைக்காமல் எழுதியவர், ஆட்சேபிக்கமாட்டார் என்றார் மருத்துவர். கவிதையில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுத்தது கவிஞர், நாடாவில் எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது என் பதில்.

நெறியாளர்

இரகசியக் காப்புக்குத் தனி இழை திறந்தால் நல்லது. இங்கே முதல் கேள்விக்குத் திரும்புவோம்.

தவிட்டுக்குருவி

எல்லோருக்கும் நன்றி. நட்பு அழைப்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். நேரில் பேசலாம் என்று நினைக்கிறேன், ஆனால் எப்படித் தொடங்குவது? அவர் மனம் உடைந்துவிடுவாரோ என்று இருக்கிறது. நடுப்பகல் அம்மா, இதைச் சொன்னால் அவர் என் சிகிச்சையையே நிறுத்திவிடுவாரா?

நடுப்பகல்

அவர் மனம் உடைவதை நீங்கள் தாங்கிப்பிடிக்க வேண்டியதில்லை. ஒருவேளை உடைந்தாலும் அது அவர் கவனிக்க வேண்டிய வேலை.

அமர்வின் கடைசியில் சொல்லாதீர்கள், எழுந்திருக்கும் அவசரத்தில் பேச்சு நழுவிவிடும். உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் வாசித்தாலும் குறைச்சல் இல்லை. குற்றப்பத்திரிகை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்: "சில மாதங்களாக உங்கள் விஷயங்களையும் நாம் பேசுகிறோம். அதனால் என் விஷயங்களைச் சொல்ல எனக்குத் தயக்கம் வருகிறது. தளம் செய்துதர நான் விரும்பவில்லை. வழக்கமான கட்டணத்திலேயே தொடர்கிறேன்."

பிறகு அவரைக் கவனியுங்கள். நல்ல ஆலோசகருக்கு முகம் சிவக்கலாம், ஒரு நிமிடம் பேச்சு வராமல் போகலாம். அதன்பின் உங்களிடம் "சொன்னது சரி" என்பார், உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்பார். அவர் உங்கள் புகாரையே நோயின் அறிகுறியாக்கினால் கவனமாக இருங்கள். "அதிகாரத்தில் இருக்கும் ஆண்களோடு உங்களுக்கு எப்போதும் இதே சிக்கல்தானே" என்று திருப்பினால், அதில் ஓரளவு உண்மையே இருந்தாலும், அந்த இடத்தில் அதைச் சொல்வது உங்கள் வாயை அடைக்கும் வேலை. அப்படியானால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அவர் உறுப்பினராக இருக்கும் தொழில் சங்கத்திலோ உரிமம் வழங்கும் அமைப்பிலோ புகார் தரலாம். தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கோபத்தில் உங்களைக் கைவிட அவருக்கு அனுமதி இல்லை. சிகிச்சையை நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லி, வேறொருவரைப் பரிந்துரைத்து, முறையாக முடிக்க வேண்டும்.

பெயர்வேண்டாம்

நான் அன்று இதைச் சொல்லியிருந்தால் என்று யோசித்தேன். என் ஆள் அந்த இரண்டாவது வகை. தவிட்டுக்குருவி, யாரையாவது வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

தவிட்டுக்குருவி

போய் வந்துவிட்டேன். என் தம்பி வெளியே உட்கார்ந்திருந்தான்.

தாளைப் பார்த்துத்தான் வாசித்தேன், பாதியில் குரல் கம்மியது. அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் சொல்ல நேர்ந்திருக்கக் கூடாது, நானே நிறுத்தியிருக்க வேண்டும்" என்றார். மேற்பார்வையாளரிடம் இதைப் பேசுவதாகச் சொன்னார். தளம் பற்றிய பேச்சை அத்தோடு விட்டார், அழைப்பையும் அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். தொடர்வதா, வேறொருவரிடம் போவதா என்று முடிவு செய்ய எனக்கு அவகாசம் கொடுத்தார், இரண்டு பெயர்களையும் எழுதித் தந்தார்.

மீதி நேரத்தில் என் தந்தையைப் பற்றிப் பேசினேன். ஆனால் எதுவோ விறைப்பாக இருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசினார். சொன்னால் சிரிப்பீர்கள், அவர் கதையைக் கேட்கவேண்டும் போல் இருந்தது எனக்கு. பிள்ளைகள் விஷயம் என்ன ஆயிற்றோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கணக்கன்

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். இருவருக்கும் பிடித்திருந்த ஒன்றை எடுத்துவிட்டு இப்போது இருவரும் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடுப்பகல்

சிரிக்க என்ன இருக்கிறது? அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை உங்களுக்குப் பிடித்திருந்தது, இப்போது அந்த வேலை இல்லை. சின்ன வயதில் வீட்டில் யாரைக் கவனித்துக்கொண்டீர்கள் என்று இங்கே எழுதவேண்டாம். அடுத்த அமர்வில், இவரிடமோ அந்த இரண்டு பெயர்களில் ஒருவரிடமோ, சொல்லுங்கள்.

கணக்கன், விறைப்பு இருக்கத்தான் செய்யும். சில வாரங்களில் தளரலாம். தளராவிட்டால் ஆலோசகரை மாற்றுவதில் தப்பில்லை.

தவிட்டுக்குருவி

மாற்றினால் இதுவரை அவர் எழுதிய குறிப்புகள் எனக்குக் கிடைக்குமா? எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் தெம்பு இல்லை.

நடுப்பகல்

அவருடைய முழுக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். சுருக்க அறிக்கை ஒன்றை எழுத்துமூலம் கேளுங்கள்: எதற்காக வந்தீர்கள், எந்த முறை பயன்பட்டது, இப்போது நிலை என்ன என்று ஒரு பக்கம் இருந்தால் புதியவருக்குப் போதும். உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் அதை அவர் யாருக்கும் அனுப்ப முடியாது. அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப்பார்க்கக் கேளுங்கள். உங்கள் தந்தையைப் பற்றிய பகுதியை அதில் சேர்க்கவேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லலாம்.